துர்துக்கில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை

லடாக் போகிறவர்கள் பாங்கோங் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எங்களைப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய துர்துக் கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அக்காவின் பிடிவாதம். 1971 போரில் "பாகிஸ்தானில் தூங்கி இந்தியாவில் விழித்த ஊர்" என்று எங்கேயோ படித்திருக்கிறாள். படித்ததும் அவளுக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான்: "ராத்திரியோட ராத்திரியா நாடு மாறிட்டா ரேஷன் கார்டு என்னடா ஆகும்?" நாக்பூரில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இந்தி சரளமாக வரும். எனக்கு வரும் இந்தி டீக்கடையோடு சரி. எனவே கீழே வரும் உரையாடல்களில் பெரும்பாதி அக்கா கேட்டு எனக்குச் சொன்னவை.

ஜூலை 23, 2024, செவ்வாய்: லே – ஹுண்டர்

குளிருக்கென்று அடுக்கி எடுத்துப் போன கம்பளித் துணியெல்லாம் பெட்டியிலேயே கிடந்தது. லேயில் காலை ஒன்பது மணிக்கே வெயில் தோலைச் சுட்டது. தங்கிய விடுதியில் மின்விசிறி கிடையாது, மாட்டக் கொக்கியும் கிடையாது. "இதுவரை தேவைப்பட்டதில்லை" என்றார் விடுதிக்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு.

கர்துங் லா கணவாயில் மட்டும் ஸ்வெட்டருக்கு வேலை வந்தது. அங்கே நட்டிருக்கும் பலகையின் உயரக் கணக்கை அளந்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையான உயரம் 5,359 மீட்டர் என்கிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, தலைவலிக்கும் தெரிந்திருக்காது. பலகைக்கு முன்னால் படம் எடுக்க நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு அக்கா வண்டியை விட்டே இறங்கவில்லை. டீ நாற்பது ரூபாய். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும்.

எங்கள் ஓட்டுநர் நுப்ரா பள்ளத்தாக்கின் சுமூர் கிராமத்துக்காரர். அதிகம் பேசாதவர். ஆனால் துர்துக் போகிறோம் என்றதும் முகம் மலர்ந்தது. "எங்க ஊர்க்காரர் பிடிச்ச ஊர் சார் அது" என்றார். விவரம் கேட்டேன். "நாளைக்கு, அந்த இடம் வரட்டும்" என்று நிறுத்திக்கொண்டார். கதை சொல்லத் தெரிந்தவர்.

ஹுண்டரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் பார்த்தோம். சவாரி கால் மணி நேரத்துக்கு முந்நூற்றைம்பது. ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்த அக்கா "இது நம்மள விடக் களைச்சிருக்கு" என்று மறுத்துவிட்டாள். இரவு துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் நூற்றைம்பது ரூபாய். ஒரு கிண்ணம் இருவருக்குப் போதும்.

ஜூலை 24, புதன்: ஹுண்டர் – துர்துக்

தோய்ஸ் விமானத் தளத்தை ஒட்டிப் போகும் சாலையில் கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார் ஓட்டுநர். அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு குறுகிவிடுகிறது. வலது இடது இரண்டு பக்கமும் புல்கூட முளைக்காத மலை, நடுவில் ஷியோக் ஆறு. படங்களில் பச்சையும் நீலமுமாக இருக்கும் ஆறு இந்த வெயிலுக்குச் சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டு ஓடியது. பனி உருகுவதைக் காதால் கேட்க முடிகிறது. ஆற்றடியில் கற்கள் உருளும் சத்தம் வண்டிக்குள் வரை வருகிறது.

போக்டாங் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார் ஓட்டுநர். 1948 முதல் 1971 வரை இந்தியாவின் கடைசி ஊர் போக்டாங். அடுத்து வரும் சலுங்கா அப்போது பாகிஸ்தான் வசம். இரண்டு ஊரிலும் ஒரே பால்டி மொழி, ஒரே சாப்பாடு. நடுவே கண்ணுக்குத் தெரியாத போர்நிறுத்தக் கோடு. அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் போக்டாங்கில் இருந்து சலுங்காவுக்குப் பெண் கொடுக்க முடியாது, கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூடப் போக முடியாது.

சலுங்காவில் வண்டியை ஓரமாக நிறுத்தி அவர் கதையைத் தொடங்கினார். மேஜர் சேவாங் ரின்சென், சுமூர்க்காரர். 1948இல் பாகிஸ்தான் தரப்புப் படை நுப்ராவை நோக்கி வந்தபோது பதினேழு வயதில் ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தடுத்து நின்றவர். அதற்காக மகாவீர் சக்கரம் என்கிற ராணுவ வீர விருது பெற்றார். 1971 டிசம்பரில் லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவு வீரர்களோடு இதே ஆற்றோரமாகவும் மேலே மலை முகடுகள் வழியாகவும் இறங்கி வந்தார். முதலில் 18,402 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல் நிலையைப் பிடித்தார்கள். பிறகு கண்ணிவெடி புதைத்து அரண் அமைத்திருந்த சலுங்கா. அதன்பின் துர்துக், தியாக்ஷி. எல்லாம் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முடிந்துவிட்டது. ரின்செனுக்கு இரண்டாவது மகாவீர் சக்கரம் கிடைத்தது. இரண்டு முறை அதைப் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டாங்கிகளும் குண்டு மழையுமாக இருக்கும் சண்டையைத்தான் போர் என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அப்படி எதுவும் நடக்க இடமே இல்லை. ஒரு ஆறு, ஒரு பாதை, தலைக்கு மேலே மலை. மேலே யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் கீழே இருப்பவர்களின் உயிர். டிசம்பர் குளிரில் இருட்டில் அந்த முகட்டில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். ஜூலை வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்கே மூச்சு வாங்கியது.

துர்துக்கில் வண்டி கீழேயே நின்றுவிடும். மரப்பாலத்தைக் கடந்து படி ஏற வேண்டும். ஏறியதும் கண் கூசுகிற பச்சை. வாற்கோதுமை வயல், வால்நட் மரம், கிளை தாழக் காய்த்த ஆப்ரிகாட். லேயைவிடத் தாழ்வான ஊர் என்பதால் மூச்சும் சீராகிறது, மரங்களும் செழிக்கின்றன. பாதையோரமே வாய்க்கால் ஓடுகிறது. ஊர் நுழைவில் "பெண்களைப் படம் எடுக்காதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் போன இருவர் அதைப் படித்துவிட்டு, வயலில் களை எடுத்த பெண்களை நோக்கிக் கேமராவைத் தூக்கினார்கள். ஒரு சிறுவன் ஓடி வந்து லென்ஸை உள்ளங்கையால் மறைத்தான். கோபமே இல்லாமல், தினமும் செய்கிற வேலை போல.

தங்கிய வீட்டில் அறைக்கு இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து இருநூறு. பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் தோசை மாதிரி வார்த்து, வால்நட் விழுது தொட்டுக்கொள்ளத் தந்தார்கள். கிசிர் என்று பெயர். லேசான கசப்பு. இரண்டாவது துண்டில் பிடித்துப்போயிற்று, நாலாவதில் அக்கா என் தட்டைப் பார்த்து முறைத்தாள்.

ஜூலை 25, வியாழன்: துர்துக்

காலையில் விழித்தபோது அக்காவைக் காணோம். சமையலறையில் வீட்டுக்கார அம்மாவோடு ஆப்ரிகாட் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை நான் வாசலோடு நின்றேன். உப்பு டீ வந்தது.

பழம் இங்கே கிலோ நூறு ரூபாய். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. நடக்கிற வழியெல்லாம் யாராவது கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள். கொட்டையை மட்டும் எறிந்துவிடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பில் எண்ணெய் எடுப்பார்கள். இந்த மரியாதை தெரியாமல் வாய்க்காலில் துப்பிய ஒரு பயணியை ஒரு பாட்டி திட்டியது ஊருக்கே கேட்டது.

மதியம் வெயில் தாங்காமல் நங்சுங் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பாறைகளின் இடுக்கில் இருந்து குளிர்ந்த காற்று வரும் இடமாகப் பார்த்து, அதன்மேல் கல்லாலேயே சிறு அறை கட்டியிருக்கிறார்கள். இறைச்சி, வெண்ணெய், பால் எல்லாம் உள்ளே. வெளியே சட்டை நனைய வியர்த்தது, உள்ளே கை விரைத்தது. அந்த அறையிலேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வெண்ணெய் வாசம் பிடித்தால் சரி என்றார்கள்.

திரும்பும் வழியில் வால்நட் மரத்தடியில் ஒரு பெரியவர். வயது கேட்டதற்கு, போரின்போது ஆடு மேய்க்கிற வயது என்றார். ஓட்டுநர் அவரை "மேமே-லே" (தாத்தா) என்று அழைத்துப் பணிவோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா, "ஊரே தூங்கி எழுந்தபோது இந்தியாவாக இருந்ததாமே" என்று தொடங்கினாள். பெரியவர் சிரித்தார்.

"யார் தூங்கினார்கள்? இதைச் சொல்லாத பயணி இல்லை. அன்றிரவு இந்த ஊரில் கைக்குழந்தையைத் தவிர ஒருவரும் தூங்கவில்லை."

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். போர் நடப்பது ரேடியோவில் தெரியும். ஆனால் அது டாக்காவில் நடக்கிறது, நமக்கென்ன என்றிருந்தார்கள். பிறகு ஒரு நாள் சலுங்கா பக்கமிருந்து வெடிச் சத்தம். இங்கிருந்த படை இரவில் மூட்டை கட்டிக்கொண்டு கப்லு பக்கம் பின்வாங்கியது. வருகிறவர்கள் கொன்றுபோடுவார்கள் என்று பயந்து, குழந்தைகளோடும் ஆடுகளோடும் ஊருக்கு மேலே ஓடை இடுக்கில் போய் ஒளிந்தார்கள். அம்மா கையில் இருந்த குழந்தை அழாமலிருக்க வாயில் உலர்ந்த ஆப்ரிகாட் வைத்தாள் என்றார். விடிந்ததும் கீழேயிருந்து ஆட்களைக் கூப்பிடும் குரல் கேட்டது. லடாக்கி மொழி. பால்டிக்கு ஏறத்தாழப் பங்காளி. "மிரட்டினாலும் புரிகிற மாதிரி மிரட்டுவார்களே என்று ஒரு தைரியம் வந்தது" என்றார். ஆனால் யாரும் மிரட்டவில்லை. ஊர்க்காரர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று ரின்சென் தன் ஆட்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் என்பதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

அக்கா தன் ரேஷன் கார்டு கேள்வியைக் கேட்டேவிட்டாள். கார்டு கிடக்கட்டும், வீட்டில் சேர்த்து வைத்த நோட்டெல்லாம் காகிதமாகிவிட்டதுதான் பெரிய கவலை என்றார் பெரியவர். தன் தாத்தா மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்து, பாகிஸ்தானியாகி, இந்தியராக இறந்தார், ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் என்றார். வேலைக்கும் படிப்புக்கும் ஸ்கர்து, லாகூர் என்று போயிருந்த ஆண்கள்தான் பாவம். திரும்பி வர முடியவில்லை. சிலரின் மனைவிகள் பல வருடம் காத்திருந்தார்கள்.

இரவு சாப்பாட்டின்போது அக்கா சரியாகவே பேசவில்லை. அறைக்கு வந்தபின் சொன்னாள். காலையில் கூடவே பழம் பிளந்த அம்மாவின் மூத்த அக்காள் 1971 இலையுதிர் காலத்தில் கீழ்ப்பக்க ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவராம். இரண்டே மாதத்தில் கோடு நடுவே விழுந்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். முதல்முறை வீடியோவில் பார்த்தபோது இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நீ எங்க அம்மா மாதிரி இருக்கே" என்று ஒரே நேரத்தில் இருவரும் சொன்னார்களாம்.

ஜூலை 26, வெள்ளி: தாங்

கார்கில் வெற்றியின் இருபத்தைந்தாம் ஆண்டு நாள். கார்கில் போர் நினைவிடம் இருக்கும் திராஸுக்குப் பிரதமர் வந்திருப்பதாகக் கைபேசியில் செய்தி. இங்கே ராணுவ வண்டிகளில் சாமந்தி மாலை தவிர வேறு ஆரவாரம் இல்லை. ஆனால் 1999இல் துர்துக் மலைகளிலும் சண்டை நடந்தது. ராஜ்புதானா ரைபிள்ஸ் 11ஆம் பட்டாலியனின் கேப்டன் ஹனீஃபுதீன் ஜூன் 6 அன்று இந்த முகடுகளில் ஒன்றில் இறந்தார். அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருக்கு வீர் சக்கரம் தந்தார்கள். இந்தப் பகுதிக்கு இப்போது அவர் பெயர்தான். திராஸுக்குப் போகிற கூட்டத்தில் நூறில் ஒருவர் இங்கே வந்தாலே அதிகம்.

தாங் கடைசி ஊர். துர்துக்கில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள். ஊர்ப் பையன்கள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்குக் காட்டுகிறார்கள். எதிர் மலைமேல் அவர்களது காவல் நிலை, அதற்கு மேலே நம்முடையது, கீழே ஆற்றோரம் ஃபர்னு என்கிற பாகிஸ்தான் கிராமம். கூரையில் என்னவோ உலர்த்தியிருந்தார்கள். ஆப்ரிகாட்தான், வேறென்ன. ஷியோக் மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் அந்தப் பக்கம் போய்ச் சிந்துவில் சேர்கிறது.

நடந்தே போய்விடலாம் போலத் தெரிகிற ஊர். நாங்கள் போன 2024இல், முறையாகப் போக வேண்டுமென்றால் தில்லியில் விசா கேட்டு, அமிர்தசரஸ் போய், அட்டாரியில் எல்லை தாண்டி, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்து, கப்லு என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. அதுவும் விசா கிடைத்தால்.

ஏன் இந்த இடத்தில் கோடு? டிசம்பர் 17 அன்று போர்நிறுத்தம் வந்தது, அப்போது படை நின்ற இடம் இது. அவ்வளவுதான். இன்னும் ஓரிரு நாள் சண்டை நீடித்திருந்தால் ஃபர்னு இந்தப் பக்கம் வந்திருக்கும், கோடு அதற்கடுத்த ஊர்க்காரர்களைப் பிரித்திருக்கும். 1965இல் கார்கில் அருகே பிடித்த முகடுகளைத் தாஷ்கண்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தம் வேறு மாதிரி. மற்ற எல்லைகளில் பிடித்த நிலத்தை இரு பக்கமும் விட்டுக்கொடுத்தன. காஷ்மீர்ப் பகுதியில் மட்டும் டிசம்பர் 17 அன்று யார் எங்கே நின்றார்களோ அதுவே கட்டுப்பாட்டுக் கோடு என்றார்கள். துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் நான்கும் அப்படி இங்கே தங்கிவிட்டன. சலுங்காவும் போக்டாங்கும் மீண்டும் சம்பந்தி ஆயின, தாங்கும் ஃபர்னுவும் பிரிந்தன.

தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் கோஷம் போட்டது. தொலைநோக்கிப் பையன் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் போனதும், அவன் மாமா வீடு அந்த ஊரில்தான் என்றான். எங்களிடம் ஐம்பது ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா வாங்க வைத்தாள்.

ஜூலை 27, சனி: வழியில்

விடைபெறும்போது வீட்டுக்கார அம்மா அக்காவுக்கு இரண்டு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட் கட்டித் தந்தார். கிலோ நானூறு. பேரம் பேசாமல் வாங்கினாள். கூடவே ஒரு பை பழுத்த பழம், இனாம்.

மூன்று மணி வாக்கில் ஒரு ஓடை சாலையை மூடிக்கொண்டு ஓடியது. காலையில் கணுக்கால் நனையாமல் தாண்டக்கூடிய ஓடை. பகல் வெயிலில் மேலே பனி உருக உருக மாலையில் பொங்கிவிடுகிறது. இந்த வருடம் மிக மோசம் என்றார் ஓட்டுநர். எங்களுக்கு முன்னால் லாரிகள், பின்னால் பைக்கில் வந்த கல்லூரிப் பையன்கள். அதில் ஒருவன் வீரம் காட்டி இறங்கி, பைக்கோடு சாய்ந்து, லாரிக்காரர்கள் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். திட்டிக்கொண்டே அவனுக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் கிடந்த கம்பளி கடைசியில் அவனுக்குத்தான் உதவியது.

எல்லைச் சாலை அமைப்பின் புல்டோசர் இருட்டிய பிறகு வந்து கல்லை ஒதுக்கியது. அதற்குள் ஒரு லாரியில் இருந்து கம்பீர் ரொட்டி, எங்களிடமிருந்து பழம், யாரோ ஒருவரின் பிஸ்கட் என்று சாலையிலேயே இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. திஸ்கிட் போய்ச் சேர்ந்து எழுப்பிய விடுதிக்காரர் தூக்கக் கலக்கத்தில் இரட்டிப்பு வாடகை கேட்டார். கொடுத்துவிட்டுப் படுத்தோம்.

ஜூலை 28, 29: லே

ஞாயிற்றுக்கிழமை லேயில் வெயில் 33 டிகிரியைத் தாண்டியது. சந்தையில் மின்விசிறி தேடி அலைந்தவர்களைப் பார்த்தேன். திங்கள் காலை விமான நிலையத்தில் நின்றபோது விமானம் ரத்து என்றார்கள். பனிக்காக ரத்து ஆகும், மேகத்துக்காக ரத்து ஆகும், தெரியும். வெப்பத்துக்காக லடாக்கில் ரத்து! ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிவு, வெப்பம் ஏறினால் இன்னும் மெலிந்துவிடும், இறக்கைக்குத் தேவையான பிடிப்பு கிடைக்காது என்று வரிசையில் இருந்த ஒருவர் விளக்கினார். பணம் எப்போது திரும்பும் என்பதை விளக்கத்தான் யாரும் இல்லை. மறுநாள் அதிகாலை விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

மாலை சந்தைக்குப் போனோம். பையில் இருந்த பழுத்த பழமெல்லாம் கூழாகியிருந்தது. உலர்ந்தது பத்திரம். கடையில் அதே உலர்ந்த ஆப்ரிகாட், துர்துக் சரக்கு என்று அட்டை வேறு எழுதி, கிலோ எண்ணூறு. அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "இது அந்த ஊர்ப் பழமே இல்ல" என்று கடைக்காரரிடம் சுத்தத் தமிழில் சொல்லிவிட்டு, கொட்டையை மட்டும் மறக்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.